பயணியின் பெயரைக் கழித்தால்

கேப்டன் வி. சுந்தரம், உஷா சுந்தரம் என்ற தமிழ்த் தம்பதியைப் பற்றி எழுதப்பட்ட எதை எடுத்தாலும் மூன்று செய்திகள் முதலில் வந்து நிற்கும். உஷா சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி. இருவரும் நேருவையும் சர்தார் படேலையும் மைசூர் மகாராஜாவையும் ஏற்றிப் பறந்தவர்கள். லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஒரு சிறு விமானத்தைக் கொண்டுவந்து சேர்த்து, பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் உலக சாதனை படைத்தவர்கள். பெங்களூர்த் தமிழர்களுக்கு இதில் கூடுதல் உரிமையும் உண்டு. அவர்களுடைய வான்வாழ்க்கையின் மையம் பெங்களூரின் ஜக்கூர் விமானத் திடல்.

இந்த மூன்றையும் நான் மதிக்கிறேன். ஆனால் அழுத்திப் பார்த்தால் மூன்றுமே வெவ்வேறு அளவில் ஆட்டம் காண்கின்றன. அவை ஆடினாலும் அந்த வாழ்க்கை ஆடவில்லை என்பதே என் வாதம். அதற்காகத்தான் இவ்வளவு நெருக்கிக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் வரலாற்றுச் சுருக்கம். சுந்தரம் பிறந்தது 1916. உஷா 1924. திருமணம் 1941-இல், மணப்பெண்ணுக்கு வயது பதினேழு. சுந்தரம் மைசூர் சமஸ்தானத்தின் பணிக்கு வந்து மகாராஜா ஜயசாமராஜ உடையாரின் விமானியானார். மகாராஜா கொடுத்த நிலத்தில் ஜக்கூரில் அரசு விமானப் பயிற்சிப் பள்ளி உருவானபோது அதன் தொடக்க காலப் பொறுப்பு அவரிடம் இருந்தது. அந்தப் பள்ளியில் தேறி வெளிவந்த முதல் ஆள் உஷா, 1949-இல். 1950-களின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசு வாங்கிய டி ஹாவிலண்ட் டோவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து ஓட்டி வந்தார்கள். பின்னர் சென்னைவாசம், அங்கே விலங்குகளுக்கான புளூ கிராஸ். சுந்தரம் 1997-இலும் உஷா 2010-இலும் காலமானார்கள்.

இவர்களை எந்தக் கோலால் அளப்பது? விமானி வரலாற்றில் முன்னோடிகளுக்கென்று உலகம் ஒரு கோலைச் செய்து வைத்திருக்கிறது. ஓடுதளமோ வழிகாட்டும் வானொலியோ இல்லாத இடங்களுக்கு, வேறு போக்குவரத்தே இல்லாத மனிதர்களுக்காகப் பறப்பவர்களை அலாஸ்காவிலும் கனடாவிலும் புஷ் பைலட் என்பார்கள். 1929 ஜனவரியில் கனடாவின் வாப் மே, விக் ஹோர்னரோடு, மூடாத காக்பிட் கொண்ட ஒரு சின்ன ஆவ்ரோ ஏவியனில் உறைபனிக்குள் வடக்கே பறந்து, தொண்டை அடைப்பான் நோய் பரவிக்கொண்டிருந்த ஃபோர்ட் வெர்மிலியன் பகுதிக்கு முறிமருந்தைச் சேர்த்தார். 1928 மே மாதம் ஆஸ்திரேலியாவின் குளோன்கரியிலிருந்து பறக்கும் மருத்துவ சேவையின் முதல் விமானத்தை எடுத்த ஆர்தர் அஃப்லெக், ஆறுகளையும் வேலிகளையும் தந்திக் கம்பிகளையும் பார்த்தே வழி கண்டுபிடித்தார். இவர்கள் யாரை ஏற்றிச் சென்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. என்ன கொண்டுபோனார்கள், எந்த நிலைமையில் கொண்டுபோனார்கள், அவர்களுக்குப் பின் அந்த வழியில் யார் போனார்கள் என்பவைதான் அங்கே கேட்கப்படும் கேள்விகள்.

நம் நாட்டில் அளவுகோல் வேறாகிவிட்டது. விமானியை அவர் ஏற்றிச் சென்ற பயணியின் பெயரால் அளக்கிறோம். பிஜு பட்நாயக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல விமானி, துணிச்சல்காரர், கலிங்கா ஏர்லைன்ஸை நிறுவியவர். 1947-இல் டச்சுக்காரர்களின் முற்றுகையிலிருந்து இந்தோனேசியத் தலைவர்களை டகோட்டா விமானத்தில் வெளியே கொண்டுவந்ததுதான் எல்லோருக்கும் தெரியும். ஹட்டா, ஷாரிர் என்ற பெயர்களோடு சேர்த்தே அவர் விமானியாக நினைவில் இருக்கிறார். வடகிழக்கு எல்லைப்புற மலைகளில் அரிசியும் உப்பும் போட்டுவிட்டு வந்த கலிங்கா டகோட்டாக்களின் விமானிகள் யார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. நான் படித்த வரையில் இந்தியாவின் அசலான புஷ் பைலட்டுகள் அவர்கள்தான். பெயர் தெரியாததற்குக் காரணம், மூட்டைகளுக்குப் பெயர் கிடையாது.

சுந்தரம் தம்பதிக்கும் இதே கதி, தலைகீழாக. அவர்களுடைய பயணிகளுக்குப் பெரிய பெயர்கள் இருந்தன. அந்தப் பெயர்கள் அவர்களைத் தூக்கி நிறுத்தின. கூடவே மறைக்கவும் செய்தன.

படேல் விஷயத்தைப் பார்ப்போம். சமஸ்தானங்களை இணைக்கப் படேல் பறந்தது மைசூரின் டகோட்டாவில், ஓட்டியது சுந்தரம் தம்பதி என்று ஒரு வரி பல இடங்களில் வருகிறது. மைசூர் டகோட்டா அந்தப் பணியில் பங்கேற்றது என்ற அளவில் அதை ஏற்கலாம். ஆனால் அந்த வரி காட்டும் சித்திரம், படேலின் பறத்தல் எல்லாமே இவர்கள் கையில் இருந்தது போல. அது சரியில்லை. 1949 மார்ச் 29 அன்று, ராஜஸ்தான் ஒன்றியத்தின் தொடக்க விழாவுக்காக டெல்லியிலிருந்து ஜெய்ப்பூருக்குப் படேல் போன விமானம் இந்திய விமானப்படையின் டோவ். நடுவழியில் எஞ்சின் தகராறு. விமானி அதை ஷாபுரா அருகே வறண்ட ஆற்றுப் படுகையில் இறக்கினார். பல மணி நேரம் துணைப் பிரதமர் எங்கே என்றே நாட்டுக்குத் தெரியாமல் இருந்தது. அன்று உயிர்ச்சேதம் ஏதுமில்லை. ஆக, படேலைச் சுமந்த விமானங்கள் பல, விமானிகள் பலர்.

காலக் கணக்கும் இடிக்கிறது. சமஸ்தான இணைப்பின் பெரும்பகுதி 1947 கடைசியிலிருந்து 1949 நடுப்பகுதிக்குள் முடிந்துவிட்டது. பிரிவினைக் காலத்தில் அவர்கள் அகதிகளை மீட்கப் பறந்தது 1947. உஷா பள்ளியில் தேறியது 1949. அப்படியானால் அந்த முக்கியமான இரண்டு ஆண்டுகளில் அவர் உட்கார்ந்திருந்தது கணவருக்கு வலப்புற இருக்கையில், துணையாக; பொறுப்பு விமானியாக அல்ல. புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் கலந்து 'படேலை ஓட்டிச் சென்ற பெண்' ஆக்கிவிடுகிறார்கள். இது அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறார்கள். உண்மையில், வலப்புற இருக்கையில் செய்த வேலைக்கு மதிப்பில்லை என்று அவர்களே ஒப்புக்கொள்வதுதான் அது.

அந்த வேலை என்ன என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

பெங்களூர் ஈஜிபுராவில் நான் குடியிருக்கும் பகுதியிலிருந்து பழைய விமான நிலையம் கூப்பிடு தூரம்தான். 2008 மே மாதம் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கும்வரை பயணிகள் விமானங்களின் இரைச்சல் எங்கள் தெருக்களின் அன்றாடம். இன்றும் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் சோதனை விமானங்கள் தலைக்கு மேல் உறுமும்போது யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. டகோட்டா கதைக்கும் அந்த எச்.ஏ.எல்.லுக்கும் நேரடி உறவு உண்டு. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசோடு சேர்ந்து தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, போர்க் காலத்தில் அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் தளமானது. போர் முடிந்ததும் உபரியாகக் குவிந்து கிடந்த ராணுவ டகோட்டாக்களைப் பயணிகள் விமானங்களாக மாற்றும் வேலை அங்கேதான் நடந்தது. ராணுவ இருக்கைப் பலகைகளைக் கழற்றி, தரை போட்டு, நாற்காலி பதித்து அனுப்பினார்கள். புதிதாய்ப் பிறந்த எத்தனையோ இந்திய விமான நிறுவனங்கள் அந்த டகோட்டாக்களை வைத்தே பிழைப்பைத் தொடங்கின.

விமானப்படையில் டகோட்டாக்களைப் பராமரித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். "ஐயா, டகோட்டாவில் வலப்பக்கம் உட்காருகிறவருக்கு என்னதான் வேலை?" என்று அவரிடம் கேட்டேன். அவர் நாற்காலியிலிருந்து குனிந்து, தரையில் ஏதோ நெம்புகோல் இருப்பதுபோலக் கையை வைத்துக் காட்டினார்.

"இங்க, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல, தரையில ஒரு லாக் இருக்கும் சார். சக்கரத்தை மேல இழுக்கணும்னாலும் கீழ விடணும்னாலும் முதல்ல அதைத் தொடணும். அப்புறம்தான் மத்த லிவர். இறங்கினதும் பிரஷர் எவ்வளவுன்னு பார்க்கணும். லாக் விழுந்துச்சான்னு கை வெச்சுப் பார்க்கணும். கடைசியா ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, என் பக்கத்து சக்கரம் இறங்கிடுச்சுன்னு வாயால சொல்லணும். இடது சீட்டுக்காரர் வெளிய ரன்வேயைப் பார்த்துட்டிருப்பாரு. குனியற வேலை எல்லாம் வலது சீட்டுக்காரருக்கு."

"தப்பு பண்ணினா?"

"வயித்துல தேய்ச்சுக்கிட்டு இறங்கும்."

டகோட்டா வால்சக்கர விமானம். தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். ஓட்டுகிறவருக்கு நேர் முன்னால் உள்ள தரை சரியாகத் தெரியாது. ஓடுதளத்துக்குப் போகும்போது பக்க ஜன்னல் வழியாகவும் பார்த்து நகர்த்த வேண்டும். இறங்கிய பிறகு பக்கவாட்டுக் காற்றில் கொஞ்சம் அசந்தாலும் பின்பாகம் முன்னால் சுழன்று வந்துவிடும். இன்னொரு ஜோடிக் கண்களும் கைகளும் இல்லாமல் அந்த விமானத்தை ஊர் ஊராய், அதிலும் சமஸ்தானத் தலைநகரங்களின் சொரசொரப்பான திடல்களில், ஆண்டுக்கணக்கில் விபத்தின்றி இறக்கி ஏற்ற முடியாது. உஷாவின் தொடக்க கால உழைப்பு இதுதான். இதைத் துணைவேலை என்று குறைத்துவிட்டு, பொய்யான தனிப் பட்டத்தைக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை.

அடுத்தது சாதனை. மூன்றிலும் அதிகம் சொல்லப்படுவதும் குறைவாகச் சோதிக்கப்பட்டதும் இதுவே.

லண்டனிலிருந்து மும்பைக்கு நேர்க்கோட்டு வான்தூரம் சுமார் 7,200 கிலோமீட்டர். டோவ் விமானம் முதன்முதலில் பறந்தது 1945 செப்டம்பரில். இரண்டு ஜிப்ஸி குயின் எஞ்சின்கள், எட்டு முதல் பதினோரு பயணிகள். நிதானமாகப் பறந்தால் மணிக்கு 300 கிலோமீட்டருக்குப் பக்கம். ஒரே மூச்சில் போகும் தூரத்தைத் தாராளமாக 1,600 கிலோமீட்டர் என்று வைப்போம். அப்படியானால் வழியில் குறைந்தது நான்கு இடங்களில் இறங்கி எண்ணெய் நிரப்பியாக வேண்டும். காற்றில் மட்டும் 24 மணி நேரம். மீதி மூன்று மணி நேரத்தில் நான்கு நிறுத்தம். ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம். இறங்கி, எண்ணெய் போட்டு, காகிதங்களில் கையெழுத்து வாங்கி, வானிலை கேட்டு, மறுபடி ஏற வேண்டும். பின்காற்று கொஞ்சம் உதவியிருக்கலாம். மொத்தத்தில் ஓர் இரவு முழுவதும், உறக்கமே இல்லாமல்.

27 மணி நேரம் என்பது புறப்பாட்டிலிருந்து வந்து சேரும்வரை கடிகாரம் காட்டிய நேரமானால், இது உடலையும் மனதையும் கடைசிவரை பிழிந்தெடுத்த பறத்தல், நான் தலைவணங்குகிறேன். நிறுத்தங்களைக் கழித்த பறக்கும் நேரம் மட்டும்தான் என்றால், சராசரி மணிக்கு 267 கிலோமீட்டர். ஒழுங்கான விமானி ஒருவர் ஒழுங்காகச் செய்த வேலை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. புகழுரைகள் இந்த இரண்டில் எது என்று சொல்வதே இல்லை.

எதுவாக இருந்தாலும், 'பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் உலக சாதனை' என்ற சொற்றொடர் நிற்காது. ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் மலபார் பிரின்சஸ் 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குக் கிளம்பியது. அது லாக்ஹீட் கான்ஸ்டலேஷன். நான்கு பிஸ்டன் எஞ்சின்கள். வேகம் மணிக்கு ஏறத்தாழ 480 கிலோமீட்டர். பறக்கும் நேரம் என்று கணக்கிட்டால் டோவின் 27 அதற்குப் பக்கத்திலேயே வராது. கடிகார நேரம் என்று கணக்கிட்டால் வேறொரு ஜோடி குறுக்கே வருகிறது. 1934 அக்டோபர், இங்கிலாந்திலிருந்து மெல்போர்ன்வரை நடந்த மாபெரும் விமானப் போட்டி. ஜிம் மோலிசனும் ஏமி ஜான்சனும், அவர்களும் கணவன் மனைவி, டி ஹாவிலண்டின் காமெட் என்ற பந்தய விமானத்தில் மில்டன்ஹாலில் கிளம்பி, பாக்தாதில் மட்டும் இறங்கி, சுமார் 22 மணி நேரத்தில் கராச்சியைத் தொட்டார்கள். கராச்சியிலிருந்து பம்பாய் 900 கிலோமீட்டருக்கும் குறைவு. காமெட்டுக்கு அது மூன்று மணி நேர வேலை. அவர்கள் பம்பாய் பக்கம் வரவில்லை, அலகாபாத்தில் எஞ்சின் கெட்டுப் போட்டியிலிருந்து விலகினார்கள். ஆகவே 'லண்டன்–பம்பாய்' என்ற தடத்தில் அவர்கள் பெயர் பதிவாகவில்லை. ஆனால் பிஸ்டன் எஞ்சினால் எது முடியும் என்பதை டோவ் பிறப்பதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்பே காட்டிவிட்டார்கள்.

சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பு சாதனைகளை எடைப் பிரிவு வாரியாக, தடம் வாரியாகப் பிரித்தே பதிகிறது. அதுவும் நேரங்காப்பாளர் சான்றோடு. டோவின் எடைக்குரிய பிரிவில், அந்தத் தடத்தில் 27 மணி நேரம் பெரிய விஷயமாக இருக்கலாம். பிரிவைச் சொல்லாமல் 'உலக சாதனை' என்று எழுதுவது, சுந்தரம் தம்பதிக்குத் தேவைப்படாத ஒரு கடனை அவர்கள் தலையில் ஏற்றுவது. யாராவது ஒருவர் மலபார் பிரின்சஸை நினைவுபடுத்தியவுடன் அந்தப் பறத்தல் முழுவதுமே சந்தேகத்துக்கு ஆளாகிவிடும். அந்த அநியாயம் நடக்கக் கூடாது. ஒரு மாகாண அரசு வாங்கிய புதிய விமானத்தை, உதிரிபாகக் கிடங்கோ மாற்று விமானியோ இல்லாமல், இரண்டு பேராகப் பாலைவனங்களையும் கடலையும் தாண்டி முழுசாகக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். விமானத் தொழிலில் இதன் அருமை தெரிந்தவர்கள் மணிக்கணக்கைக் கேட்க மாட்டார்கள்.

'முதல் பெண் விமானி' பட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விடுதலைக்கு முன்பே, 1932-இல் ஊர்மிளா பாரிக் உரிமம் பெற்றார். 1936-இல் லாகூரில் சரளா தக்ரால் புடவையோடு ஜிப்ஸி மோத்தில் தனியே பறந்தார். 'சுதந்திர இந்தியாவின்' என்று எல்லைக்கோடு போட்டாலும் அலகாபாத்தில் 1947-இல் உரிமம் பெற்ற பிரேம் மாத்தூர் எதிரே நிற்கிறார். எட்டு நிறுவனங்கள் மறுத்தபின் ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸில் வேலை பெற்றவர் அவர். உஷாவுக்கு ஐயமின்றி உரியது, விடுதலைக்குப் பின் எழுந்த ஒரு அரசுப் பயிற்சிப் பள்ளியின் முதல் பட்டதாரி என்ற இடம். பொதுவான முதலிடத்தைவிட அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏனென்றால் ஊர்மிளாவும் சரளாவும் உரிமம் பெற்றது வசதியுள்ளவர்களின் பறக்கும் கழகங்களில். ஜக்கூர் அரசுப் பள்ளி. அதன் முதல் தேர்ச்சிப் பெயர், திருமணமாகி எட்டு ஆண்டுகளான ஒரு தமிழ்ப் பெண்ணுடையது. அந்தக் காலத்தில் எந்தப் பொறியியல் கல்லூரியின் வாசலிலாவது இதைக் கற்பனை செய்து பார்க்க முடியுமா?

அதனால்தான் என் தராசில் ஜக்கூர் மற்ற எல்லாவற்றையும்விடக் கனக்கிறது.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரம். ஏப்ரல் மதிய வெயிலில் இங்கே காற்றின் அடர்த்தி, கடலோரத்து நிலையான கணக்கைவிட சுமார் 15 சதவீதம் குறைந்துவிடும். எஞ்சின் இழுப்பது குறையும், இறக்கை தாங்குவது குறையும். கிளம்ப நீண்ட ஓட்டம் வேண்டும். சென்னை மீனம்பாக்கத்தில் கற்றுக்கொண்டவர் இங்கே வந்தால் அதே விமானம் வேறு விமானமாகத் தெரியும். இப்படிப்பட்ட மேட்டுநிலத்தில், மண் திடலில், புதியவர்களைச் சிறு விமானத்தில் உட்காரவைத்துத் தனியே வானுக்கு அனுப்பிவிட்டுக் கீழே நிற்பது, மகாராஜாவை ஏற்றிப் பறப்பதைவிடக் கடினமான பொறுப்பு. சொந்தக் கையை நம்புவது ஒன்று. இன்னொருவர் கைக்குள் அந்த நம்பிக்கையை ஏற்றி அனுப்புவது முற்றிலும் வேறு. சுந்தரத்தின் உண்மையான முன்னோடித்தனம் இங்கேதான் இருக்கிறது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 1997-இல், கேப்டன் கோபிநாத்தின் டெக்கான் ஏவியேஷன் ஹெலிகாப்டர் தொழிலைத் தொடங்கியதும் அதே ஜக்கூர் திடலில்தான். தரை தயாராக இருந்தது. தயாராக்கியவர்களில் ஒருவர் சுந்தரம்.

இனி அந்தக் கடினமான கேள்வி. இவர்களை வாப் மே, அஃப்லெக் வரிசையில் வைக்கலாமா?

எனக்கு மனம் வரவில்லை. திறமையில் குறையென்று சொல்லவில்லை. யாருக்காகப் பறந்தார்கள் என்பதைப் பார்க்கிறேன். மைசூர் சமஸ்தானம் ரயிலும் சாலையும் நன்றாக இருந்த ராஜ்ஜியம். அந்த டகோட்டா ஒரு மன்னருடையது. அதில் ஏறியவர்களுக்கு வேறு வழியும் இருந்தது. விமானம் அவர்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தியது. காட்டுக்குள் மருந்துக்குக் காத்திருந்தவருக்கு விமானம் மிச்சப்படுத்தியது உயிரை. பிரிவினை நாட்களில் நேரு கேட்டுக்கொண்டதன் பேரில் அகதிகளை மீட்கப் பறந்தார்கள் என்று அவர்களைப் பற்றிய அஞ்சலிக் குறிப்புகள் சொல்கின்றன. அந்தப் பறத்தல்கள் மட்டும் இந்தக் கோலில் நேராக நிற்கின்றன. ஆனால் பார்த்தீர்களா, நம் எழுத்தாளர்கள் அதற்கு ஒரு வரியும், நேருவை ஏற்றிச் சென்றதற்கு ஒரு பத்தியும் ஒதுக்குகிறார்கள். மீட்கப்பட்டவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது என்பதால் அந்தப் பணியே சிறியதாகிவிட்டது.

பயணிக்குப் பெயரில்லாத வேலையை அவர்கள் பிற்பாடு முழுமனதோடு எடுத்தார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1959-இல் தியாகராய நகர் வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைச் சுந்தரம் காப்பாற்றியதில் தொடங்கியது புளூ கிராஸ். 1964-இல் முறையான அமைப்பானது. தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்து விடுவது என்ற வழியை அந்த அமைப்பு சென்னையில் பிடிவாதமாக வலியுறுத்தியது. 2001-இல் நாடு முழுமைக்குமான விதியாக அது வந்தது. ஈஜிபுராவின் குறுக்குத் தெருக்களில் காது நுனி வெட்டப்பட்டுத் திரியும் ஒவ்வொரு நாயும் அந்த வாதத்தின் தொடர்ச்சி. அந்த விதியை எதிர்ப்பவர்களுக்கும் நியாயங்கள் இருக்கின்றன, நாய்க்கடிபட்ட குழந்தைகளின் பெற்றோர் முன்னால் அவற்றைத் தள்ளிவிட முடியாது. இங்கே நான் எடை போடுவது கொள்கையை அல்ல, அந்த மனிதர்களை. புகழ் தரும் பயணிகளை ஏற்றிப் பறந்த இரண்டு பேர், பிறகு நன்றி சொல்லக்கூட வாயில்லாத உயிர்களுக்கு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தார்கள். விமானியாக அவர்களுக்கு முழுதாக வாய்க்காத புஷ் பைலட்டின் மனம் தரையில் வாய்த்தது என்றே எனக்குப் படுகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. சுந்தரம், முதல் தரப் பயிற்சியாளர். ஒரு மாநிலத்தின் சிவில் விமானத் தொழிலுக்குக் கால்கோள் இட்டவர்களில் ஒருவர். உஷா, தேர்ந்த இருக்கைத் துணையாகத் தொடங்கி, முறையாகப் படித்துத் தேறி, கண்டம் தாண்டிய ஒரு பறத்தலில் சமபங்கு சுமந்த விமானி. உலக சாதனை என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். படேலின் பெயரை அடிக்குறிப்புக்கு நகர்த்த வேண்டும். எடுத்த பிறகும் எஞ்சுவது சாதாரணமானதல்ல.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. அதை அவர்கள் கணக்கில் எழுத முடியாது. வாப் மே போன வழியில் பிறகு ஒழுங்கான விமான சேவைகள் வந்தன. அஃப்லெக் முதன்முதலில் பறந்த சேவை இன்றும் பறக்கிறது. 1949-இல் ஜக்கூரில் உஷா தேறிய பிறகு அந்த வாசல் வழியே பெண்கள் வரிசையாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. 1953-இல் தனியார் நிறுவனங்கள் எல்லாம் தேசியமயமாகி இந்தியன் ஏர்லைன்ஸ் பிறந்தபோது, பெண்களுக்குக் காக்பிட் கதவைத் திறப்பது யாருடைய திட்டத்திலும் இருக்கவில்லை. அந்த நிறுவனத்தின் ஒரு விமானம் முழுக்கப் பெண் விமானிகளோடு கல்கத்தாவிலிருந்து சில்சாருக்குப் பறந்தது 1985-இல், சௌதாமினி தேஷ்முக் தலைமையில். ஜக்கூரிலிருந்து சில்சாருக்கு 36 ஆண்டுகள். அந்த இடைவெளியில் பறந்திருக்க வேண்டிய பெண்கள் யார் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. உஷாவின் நெஞ்சில் பட்டங்களைக் குத்திக் கொண்டாடிய நாடு, அவரை ஓர் அதிசயமாக வைத்துக்கொண்டது, வழக்கமாக்கிக்கொள்ளவில்லை. அவர் வாழ்க்கையை ஆராய்கிறவர்கள் இனிமேல் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.